பிளந்த குச்சியும் சங்கிலிப் பேரேடும்

நண்பர் ஒருவர், கவிஞர், சில மாதங்களுக்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கேள்வி என்பதைவிட ஏளனம் என்பதே சரி. "வங்கியில் நீ செய்கிற வேலை என்ன? ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காவல் காக்கிற வேலை. அந்த நோட்டுப் புத்தகம் ஒரே சமயத்தில் எல்லார் கையிலும் இருந்துவிட்டால் நீ எதற்கு?" பிளாக்செயின் பற்றித்தான் பேச்சு. அவருக்கு அதில் பணம் ஏதும் இல்லை, கவிஞர்களிடம் இருக்காது. ஆனால் ஒரு தத்துவமாக அது அவரைப் பிடித்திருந்தது. ஸ்தாபனங்களை மறுத்து எழுதுகிறவனுக்கு, ஸ்தாபனமே இல்லாத ஒரு பேரேடு கவர்ச்சியாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. குமாஸ்தா தன் நாற்காலிக்காக வக்காலத்து வாங்குகிற தொனி அதில் இருந்தது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வியை நான் கொஞ்சம் சிறியதாக்கிக்கொள்கிறேன். பிட்காயின் விலை ஏறுமா, இறங்குமா என்பது என் விஷயமல்ல. அது சூதாட்டத்தின் சரித்திரத்தில் சேர வேண்டியது. காய்கறி வாங்குகிற, ஊருக்குப் பணம் அனுப்புகிற, மாதா மாதம் ஓய்வூதியம் எடுக்கிற ஒருவருக்கு இந்தப் பேரேட்டினால் கையில் பிடித்துக் காட்டும்படியான பயன் ஏதாவது உண்டா என்பதே கேள்வி. இதைக் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்கினால் பதில் கிடைக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. பேரேட்டை யார் கையில் வைத்திருப்பது என்ற சண்டை கம்ப்யூட்டருக்கு முந்தியது. மரக்குச்சியிலிருந்து தொடங்கலாம்.

இங்கிலாந்தின் அரசுக் கருவூலம் பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் மரக்குச்சிகளில் கணக்கு வைத்தது. டாலி என்று பெயர். பெரும்பாலும் ஹேசல் என்கிற சிறு மரத்தின் குச்சி. 1170களின் இறுதியில் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற கருவூல அதிகாரி, குருவும் சீடனும் பேசிக்கொள்கிற பாணியில், கருவூல நடைமுறைகள் பற்றி லத்தீனில் ஒரு புத்தகம் எழுதினார். குச்சியில் போட வேண்டிய வெட்டுகளின் அளவு அதில் இருக்கிறது. ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கைக் கனம். நூறு பவுனுக்குக் கட்டைவிரல் கனம். இருபதுக்குச் சுண்டுவிரல் கனம். ஒரு பவுனுக்கு முற்றிய வாற்கோதுமை மணியின் பருமன். ஷில்லிங் அதைவிடச் சிறியது. பென்னிக்கு மரத்தைச் செதுக்காமல் ஒரு கீறல் மட்டும். மனித உடம்பையும் தானியத்தையும் வைத்தே ஒரு தேசத்தின் வரவு செலவை எழுதிவிட முடிந்திருக்கிறது.

வெட்டு முடிந்ததும் குச்சியை நெடுக்காகப் பிளப்பார்கள். ஒவ்வொரு வெட்டும் இரண்டு துண்டிலும் பாதி பாதியாகத் தங்கிவிடும். பிடியோடு கூடிய நீளத் துண்டு பணம் கட்டியவன் கைக்குப் போகும். அதற்கு ஸ்டாக் என்று பெயர். குட்டைத் துண்டு, ஃபாயில், கருவூலத்தில் தங்கும். (பங்குச் சந்தைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரையும் இந்த ஸ்டாக்கோடு சம்பந்தப்படுத்திச் சொல்வதுண்டு.) கணக்குத் தீர்க்கிற நாளில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வெட்டோடு வெட்டும் மர ரேகையோடு ரேகையும் பொருந்த வேண்டும். கட்டியவன் தன் துண்டில் ஒரு வெட்டைக் கூட்டிவிட்டால் கருவூலத் துண்டில் அது இருக்காது. கருவூலத்துக்காரன் தன் துண்டில் ஒரு வெட்டை மழித்துவிட்டால் மற்றவன் கையில் உள்ளது அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மரத்தின் ரேகை இன்னொன்றுக்கு வராது. போலி செய்வதற்கு முதலில் மரத்தைப் போலி செய்ய வேண்டும்.

இதிலுள்ள சாமர்த்தியத்தைவிடப் பங்கீடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாட்சியத்தில் பாதி ராஜாவிடம், பாதி குடியிடம். எழுதப் படிக்கத் தெரியாதவனும் தன் பாதியைத் தடவிப் பார்த்து இவ்வளவு கட்டியிருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள முடியும். பிளாக்செயின்காரர்கள் இன்று தங்கள் கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொள்கிற விஷயத்தின் சாரம், ஒரு தரப்பு மட்டும் தனியாகத் திருத்த முடியாத பதிவு, அந்தக் குச்சியிலேயே இருக்கிறது. 

ஆனால் அந்தக் குச்சியின் சரித்திரத்தில் இன்னொரு நாளும் இருக்கிறது. 1672 ஜனவரியில் இரண்டாம் சார்லஸ், கருவூலம் தன் கடன்களில் பெரும்பகுதிக்குப் பணம் தருவதை நிறுத்திவிட்டார். யுத்தத்துக்குப் பணம் தேவைப்பட்டது. ராஜாவுக்குக் கடன் கொடுத்திருந்த லண்டன் பொற்கொல்ல வங்கியாளர்கள், அவர்களிடம் பணம் போட்டிருந்தவர்கள், எல்லார் பத்திரங்களும் குச்சிகளும் சரியாகத்தான் இருந்தன. ஒரு ரேகை தப்பவில்லை. பதிவு பிழையற்றதாக இருந்தது, பணம் வரவில்லை. பதிவு உண்மையாக இருப்பது வேறு, அது செல்லுபடியாவது வேறு. இந்த வித்தியாசம் பிளாக்செயினைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாயில் அநேகமாக வருவதே இல்லை.

நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. செட்டிநாட்டு வீடு ஒன்றில், பர்மாவில் கொடுத்த கடன்களுக்கான பத்திரங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்ததைப் பார்த்திருக்கிறேன். 1930களின் விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் நிலம் கைமாறி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1942ல் ஜப்பானியர் வந்தார்கள். செட்டியார்கள் நடந்தும் கப்பலேறியும் திரும்பினார்கள். சுதந்திர பர்மா 1948ல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. அந்தக் கணக்குகளைப் போல ஒழுங்கான கணக்கு உலகத்தில் குறைவு. ஐந்தொகை பைசா சுத்தமாக நேராகும். நிலம் வேறொருவர் காலடியில் இருந்தது. (உழுதவனிடமிருந்து அந்த நிலம் போனவிதம் வேறு கட்டுரைக்கான விஷயம். பேரேட்டில் அதற்குப் பத்தி கிடையாது.) அந்தப் பத்திரங்கள் எல்லாவற்றையும் அழிக்க முடியாத சங்கிலியில் ஏற்றி உலகெங்கும் ஆயிரம் கம்ப்யூட்டர்களில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆயிரம் கம்ப்யூட்டர்களிலும் அவை செல்லாமல் இருந்திருக்கும்.

குச்சிகளின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 1782லேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் அவற்றை ஒழிக்கச் சட்டம் போட்டது. ஆனால் அந்த உத்தியோகத்தில் இருந்தவர்கள் இருக்கும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டதால் 1826ல்தான் வழக்கம் நின்றது. உத்தியோகஸ்தனின் ஆயுள் சட்டத்தைவிடக் கெட்டி. மிஞ்சிய குச்சிகளை என்ன செய்வது என்ற பிரச்னை 1834ல் வந்தது. ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாம். பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த கணப்புகளில் போட்டு எரிப்பதென்று முடிவாகி, அக்டோபர் 16ந் தேதி காலையிலிருந்து இரண்டு வண்டிக் குச்சிகளைத் திணித்தார்கள். மாலையில் பாராளுமன்றம் பற்றிக்கொண்டது. டர்னர் அந்த நெருப்பை வரைந்தார். 1855ல் டிக்கன்ஸ் நிர்வாகச் சீர்திருத்தம் பற்றிப் பேசியபோது இந்தக் கதையைச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். அதற்குள் குடியானவன் கையிலிருந்த பாதியைப் பற்றிய ஞாபகமும் எரிந்துவிட்டது. பேரேடு முழுக்க முழுக்க அலுவலகத்துக்குள் வந்துவிட்டது. அவனுக்கு ரசீது கிடைத்தது. ரசீதை எழுதுகிறவன் ஒரே ஆள்.

வங்கியில் எங்கள் பாஸ் புத்தகம் அந்த ஸ்டாக்கின் மெலிந்த வாரிசு என்று நான் நினைப்பதுண்டு. ஓய்வூதியம் எடுக்க வருகிற கிழவிகளில் ஒருத்தி, செல்போனில் செய்தி வந்துவிட்டதே பாட்டி என்றால், "அது போன்ல இருக்கு, இது கையில இருக்கு" என்பாள். அச்சிடும் இயந்திரம் பழுதாகிற வாரங்களில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். எண் சரியா என்று அவளால் படிக்க முடியாது. ஆனால் தன் பாதி தன்னிடம் இல்லை என்பது அவளுக்குத் தெரிகிறது. எங்கள் நோட்டுப் புத்தகத்தை நாங்கள் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் அவள் பயம் அசட்டுத்தனமல்ல. ஆகவே நண்பரின் ஏளனத்தில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பிளாக்செயின் பற்றிய எல்லாப் பிரசங்கங்களிலும் யாப் தீவு வந்துவிடும். பசிபிக்கில், கரோலின் தீவுகளில் ஒன்று. 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற பலாவ் தீவுகளில் சுண்ணாம்புக் கல்லை வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, கட்டுமரத்திலும் தோணியிலும் கொண்டுவந்து பணமாக வைத்துக்கொண்டார்கள். பெரிய கற்கள் ஆள் உயரத்தைத் தாண்டும். அவற்றை நகர்த்த மாட்டார்கள். கல் இருந்த இடத்தில் இருக்கும். இது இனி இன்னாருடையது என்று ஊர் அறிந்தால் போதும். வில்லியம் ஃபர்னெஸ் என்ற அமெரிக்கர் 1910ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறார். அவர்களுடைய கல் சில தலைமுறைகளுக்கு முன் புயலில் கடலடியில் போய்விட்டது. இப்போது உயிரோடிருக்கிற யாரும் அதைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் குடும்பம் பணக்காரக் குடும்பம்தான். ஊர் ஒப்புக்கொள்கிறது. இதுதான் பிளாக்செயின், பொருள் வேண்டாம், எல்லார் மனத்திலும் ஒரே பேரேடு இருந்தால் போதும் என்கிறார்கள்.

அதே புத்தகத்தில் அடுத்து வருவதை மில்டன் ஃப்ரீட்மன் 1991ல் எழுதிய கட்டுரையில் விடாமல் எடுத்துச் சொன்னார். பிளாக்செயின் பிரசங்கிகள் அநேகமாக விட்டுவிடுகிறார்கள். 1899ல் ஸ்பெயினிடமிருந்து ஜெர்மனி இந்தத் தீவுகளை வாங்கியது. பாதைகளைச் சரிசெய்யச் சொன்னார்கள். தீவுக்காரர்கள் அசையவில்லை. அபராதம் போட வேண்டும், எதைப் பிடுங்குவது? ஒரு ஆளை அனுப்பி முக்கியமான கற்களின் மேல் கறுப்பு மையில் ஒரு சிலுவைக்குறி போட்டார்கள். இது அரசாங்கத்துக்குச் சேர்ந்தது என்று அர்த்தம். கல் நகரவில்லை. மறுநாளே ஊர் ஏழையாகிவிட்டது. ஜனங்கள் பாதையைச் செப்பனிட்டார்கள். பிறகு குறியை அழித்தார்கள்; மறுபடி பணக்காரர்கள். எல்லார் மனத்திலும் இருந்த பேரேட்டை ஒரு தூரிகை திருத்திவிட்டது.

இந்தக் கதையைப் பணம் என்பது நம்பிக்கை என்பதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது தூரிகை வைத்திருக்கிறவனைப் பற்றிய கதை.

இனி யந்திரத்துக்கு வரலாம். 1991ல் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு எளிய கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் உள்ள ஒரு பத்திரம் இன்ன தேதியில் இதே வடிவத்தில் இருந்தது என்று எப்படி நிரூபிப்பது? முத்திரை வைக்கிற அதிகாரியே பின்தேதியிட்டால்? அவர்கள் சொன்ன வழி: பத்திரத்தைக் கணிதத்தால் பிழிந்து ஒரு கைரேகை போன்ற எண்ணை எடுப்பது, ஒரு எழுத்து மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும், ஒவ்வொரு பதிவிலும் முந்தைய பதிவின் எண்ணைச் சேர்த்துக் கோப்பது. நடுவில் ஒன்றைத் திருத்தினால் அதற்குப் பின் வருகிற எல்லாம் குலையும். அவர்கள் தொடங்கிய கம்பெனி 1995லிருந்து வாரம் ஒரு முறை அப்படிப்பட்ட ஒரு எண்ணை நியூயார்க் டைம்ஸில், அறிவிப்புகளும் தொலைந்தவை கண்டெடுத்தவையும் வருகிற பத்தியில் விளம்பரமாகப் போட்டது. ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்ட பத்திரிகையை யார் திரும்பக் கூட்டித் திருத்த முடியும்? தொலைந்த நாய்க்குட்டிக்கும் காணாமற்போன மோதிரத்துக்கும் பக்கத்தில் யாருக்கும் புரியாத ஒரு வரி. இந்த முழுச் சரித்திரத்திலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான். மின்சாரம் தின்னாத, யாரையும் பணக்காரனாக்குவதாக ஆசை காட்டாத சங்கிலி.

2008 அக்டோபர் 31ல், அமெரிக்க வங்கிகள் சரிந்துகொண்டிருந்த சமயத்தில், சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. அதில் மேற்கோள் காட்டப்பட்ட எட்டு நூல்களில் மூன்று ஹேபர், ஸ்டோர்னெட்டா இருவருடைய பெயர் தாங்கியவை. நகமோட்டோ கூட்டியது, பத்திரிகை கூட இல்லாமல், முன்பின் தெரியாதவர்கள் சங்கிலியின் அடுத்த கண்ணி எது என்பதில் ஒப்புக்கொள்கிற வழி. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை, உலகெங்குமுள்ள யந்திரங்கள் ஒரு புதிருக்கு விடை தேடிப் போட்டியிடும்; ஜெயித்தவன் அடுத்த பக்கத்தை எழுதிக் கூலி பெறுவான். பொய் எழுத வேண்டுமானால் மற்ற எல்லாரையும்விட அதிக மின்சாரம் செலவழிக்க வேண்டும். 2009 ஜனவரி 3ல் எழுதப்பட்ட முதல் பக்கத்தில் அன்றைய லண்டன் டைம்ஸின் தலைப்புச் செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. வங்கிகளைக் கைதூக்கிவிட நிதியமைச்சர் இரண்டாம் தடவையாகத் தயாராகிறார் என்பது செய்தி. தேதிக்குச் சாட்சி, கூடவே ஒரு குத்தல். குத்தல் நியாயமானது.

கணிதம் அழகானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அழகான கணிதத்தைக் கொண்டுபோய்ச் சந்தையில் வைத்தபோது என்ன ஆயிற்று? பிட்காயின் பேரேட்டில் விநாடிக்கு ஏறக்குறைய ஏழு பதிவுகள்தான் ஏறும். ஒரு நடுத்தர தேசத்தின் மின்சாரத்தைத் தின்றுகொண்டு இந்த வேகம். நம் ஊரில் டீக்கடையில் காட்டுகிற யுபிஐ 2016ல் வந்தது; 2023 ஆகஸ்டில் முதல் தடவையாக ஒரே மாதத்தில் 1000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அதில் சங்கிலி கிடையாது. சாதாரண வங்கிப் பேரேடுகள், நடுவில் ஒரு தரகு ஸ்தாபனம், தப்பு நடந்தால் புகார் கொடுக்க ஒரு இடம். கென்யாவில் 2007ல் தொடங்கிய எம்-பெசாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த பழைய செல்போன் போதுமானதாக இருந்தது.

எல்லார் கையிலும் பேரேடு என்றாரே நண்பர்? உண்மையில் சாதாரண மனிதன் கையில் பேரேடு இருப்பதில்லை. முழுப் பேரேட்டையும் வைத்துச் சரிபார்க்கத் தனிக் கம்ப்யூட்டரும் பொறுமையும் வேண்டும். அவன் கையில் இருப்பது ஒரு ரகசிய எண், அதற்கு ஈடாகப் பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு வார்த்தைகள். அதைத் தொலைத்தால் பணம் பேரேட்டில் என்றென்றைக்கும் இருக்கும், தொட முடியாது. வேல்ஸில் நியூபோர்ட் நகரத்தில் 2013ல் ஒருவருடைய ஹார்ட் டிஸ்க் குப்பையில் போய்விட்டது. அதில் ஆயிரக்கணக்கான பிட்காயின்களுக்கான எண் இருந்தது. குப்பைமேட்டைத் தோண்ட நகரசபை அனுமதிக்கவில்லை என்று வழக்குப் போட்டார். 2025 ஜனவரியில் தள்ளுபடியாயிற்று. கடலடியில் கிடந்த யாப் கல்லுக்கு ஊர் சாட்சி சொன்னது. குப்பைமேட்டில் கிடக்கிற இவருக்குச் சாட்சி சொல்ல ஊர் இல்லை. இந்தப் பயத்தினால்தான் பெரும்பாலோர் தங்கள் எண்ணைத் தாங்களே வைத்துக்கொள்ளாமல் ஏதாவதொரு பரிவர்த்தனைக் கம்பெனியிடம் விட்டுவைக்கிறார்கள். அதாவது மறுபடி ஒரு கவுண்டர். டோக்கியோவில் மவுண்ட் காக்ஸ் 2014 பிப்ரவரியில் மூடியபோது காணாமற் போனதாக அறிவித்தது சுமார் 850,000 பிட்காயின்கள். சங்கிலி உடையவில்லை; கவுண்டர் உடைந்தது.

திருத்தவே முடியாது என்ற பெருமையும் ஒரு நாள் சோதனைக்கு வந்தது. எதீரியம் என்ற இன்னொரு சங்கிலியின் மேல் 2016ல் ஒரு பொது முதலீட்டு நிதியை அமைத்தார்கள். நிர்வாகி இல்லை, நிரலே சட்டம் என்றார்கள். ஜூன் மாதம் யாரோ ஒருவர் அந்த நிரலில் இருந்த ஒரு சந்து வழியாகப் புகுந்து 36 லட்சம் ஈதரை ஒதுக்கிக்கொண்டார். சட்டப்படி பார்த்தால், நிரல்தான் சட்டம் என்பதால், அவர் செய்தது சட்டப்படிதான். ஜூலை 20ல் பெரும்பாலோர் கூடிச் சங்கிலியையே பிளந்து, திருட்டு நடக்காதது போன்ற ஒரு பேரேட்டை மேலே எழுதிக்கொண்டார்கள். ஒப்பாதவர்கள் பழைய சங்கிலியோடு தனியே போனார்கள். நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது சரியான காரியம்தான். ஆனால் அதைச் செய்தது கணிதமல்ல. கூடிப் பேசிய மனிதர்கள். தூரிகையை யாரோ கையிலெடுக்க வேண்டியிருந்தது.

பெரிய கம்பெனிகள் இதில் இறங்கி ஏறியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெர்ஸ்க் கப்பல் கம்பெனியும் ஐபிஎம்மும் 2018ல் கொண்டுவந்த டிரேட்லென்ஸை 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தன. அதே மாதம் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை பல வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்ததைக் கைவிட்டு சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலரை நஷ்டத்தில் எழுதியது. 2020ல் தமிழக அரசும் பிளாக்செயின் கொள்கை ஒன்றை வெளியிட்டு, பின்னர் அதற்கான கட்டமைப்புக்கு நம்பிக்கை இணையம் என்று பெயர் வைத்தது. யாரையும் நம்ப வேண்டாம் என்பதற்காகப் பிறந்த யந்திரத்துக்கு இந்தப் பெயரை வைத்தவர் தெரிந்து வைத்தாரா தெரியாமல் வைத்தாரா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எல் சல்வடாரிடம்தான் நிதானமாக நிற்க வேண்டும். ஏனென்றால் அங்கேதான் என் கேள்வி ஒரு தேசம் முழுக்க, கடைக்காரர்களையும் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களையும் வைத்துப் பரீட்சிக்கப்பட்டது. மத்திய அமெரிக்காவின் சின்ன நாடு. 2001லிருந்து சொந்த நாணயத்தை விட்டு அமெரிக்க டாலரில் வாழ்கிறது. ஜனங்களில் பலர் அமெரிக்காவில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். தேச வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படி வருகிறது. அனுப்புவதற்குக் கட்டணம் உண்டு. பிளாக்செயினுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. 2021 ஜூனில், 84 பேர் கொண்ட சபையில் 62 பேர் ஆதரவோடு, பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கினார்கள். செப்டம்பர் 7 முதல் அமல். கடைக்காரன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு விதி. விடுதலை தருவதாகச் சொன்ன பணம் கட்டளையாக வந்தது. சீவோ என்ற செல்போன் பணப்பை. இறக்கிக்கொண்டால் 30 டாலர் இனாம்.

ஜனங்கள் இறக்கிக்கொண்டார்கள். 30 டாலரைச் செலவழித்தார்கள். தங்கள் அடையாள எண்ணில் வேறு யாரோ முந்திக்கொண்டு இனாமை வாங்கிப் போய்விட்டதைச் சிலர் கண்டார்கள். ஃபெர்னாண்டோ அல்வாரெஸ், டேவிட் அர்ஹெந்தே, டயானா வான் பாட்டன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 1,800 வீடுகளில் நேரில் போய் விசாரித்தார்கள். இனாம் தீர்ந்தபின் பெரும்பாலோர் அந்தப் பணப்பையைத் திறக்கவே இல்லை. ஏன் என்றதற்கு வந்த பதில்களில் முக்கியமானவை: ரொக்கம் பிடிக்கும்; இதை நம்பவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற பணத்தில் இந்த வழியாக வந்தது இரண்டு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இதில் ஒரு விநோதம். ஒரு சீவோ பணப்பையிலிருந்து இன்னொரு சீவோ பணப்பைக்குப் போகிற பணம் சங்கிலிக்குப் போவதே இல்லை. உள்ளேயே ஒரு சாதாரணப் பேரேட்டில் பற்றும் வரவும் எழுதிக்கொள்வார்கள். அதாவது அரசாங்கம் நடத்திய ஒரு மட்டமான வங்கி. சர்வதேச நாணய நிதியத்திடம் 140 கோடி டாலர் கடனுக்காக 2024 டிசம்பரில் உடன்பாடு செய்துகொண்டு, 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தினார்கள். வாங்குவது கடைக்காரன் இஷ்டம். வரியைப் பிட்காயினில் கட்ட முடியாது. அரசாங்கமே வாங்கிக்கொள்ளாத பணம்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நண்பரை ஜெயித்ததாக ஆகும். ஆனால் எனக்கு 2016 நவம்பர் ஞாபகம் வருகிறது. நான் கவுண்டருக்கு உள்ளே இருந்தேன். 8ந் தேதி இரவு ஒரு பேச்சில் புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் செல்லாததாயிற்று. முதலில் ஒரு ஆளுக்கு 4,000 ரூபாய். சில நாளில் விரலில் மை. சேலை மடிப்பிலும் அரிசிப் பானையிலும் புருஷனுக்குத் தெரியாமல் சேர்த்த ஐநூறு ரூபாய்த் தாள்களைப் பெண்கள் கொண்டுவந்து என் முன் வைத்தார்கள். இது இவ்வளவு நாள் உன் பேரேட்டில் இல்லையே என்று நான் கேட்க வேண்டும் என்பது உத்தரவின் உள்ளர்த்தம். யாப் தீவின் கல்லில் கறுப்புக் குறி போடப் போன ஆளைப் பற்றி அப்போது நான் படித்திருக்கவில்லை. படித்திருந்தால் மை டப்பாவை வேறு மாதிரி பார்த்திருப்பேன். அந்த வாரங்களில் யாராவது என்னிடம் வந்து எந்த ராஜாவின் தூரிகையும் எட்டாத ஒரு பணம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் குமாஸ்தாவின் பதிலை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

லெபனானில் 2019 அக்டோபரில் வங்கிகள் கதவை மூடின. திறந்தபோது ஜனங்களின் டெபாசிட் பேரேட்டில் இருந்தது, எடுக்க முடியவில்லை. அங்கே பவுண்டின் மதிப்பு நூறில் இரண்டாகத் தேய்ந்தது. 2022ல் ஒரு பெண் பொம்மைத் துப்பாக்கியோடு வங்கிக்குள் போய்த் தன் கணக்கிலிருந்த பணத்தையே பறித்துக்கொண்டு வந்தாள். அந்த ஊரில் வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்புகிற பணத்தை டெதர் என்கிற, டாலரோடு கட்டிய சங்கிலி நாணயமாக வாங்கி, தெரு முனையில் ஒரு ஆளிடம் ரொக்கமாக்கிக்கொள்கிறார்கள். 2023ல் விலைவாசி 200 சதவீதத்துக்கு மேல் ஏறிய அர்ஜென்டினாவிலும் அப்படியே. இது பயன் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. டெதரும் ஒரு கம்பெனியின் வாக்குறுதிதான். இதே மாதிரி டாலரோடு கட்டியதாகச் சொன்ன டெரா 2022 மே மாதம் ஒரே வாரத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்த வங்கியைவிடத் தெரியாத கம்பெனி மேல் என்று முடிவு செய்கிற நிலைக்கு வங்கி அவர்களைத் தள்ளியிருக்கிறது.

ஜோர்டானில் அஸ்ரக் அகதி முகாமில் 2017ல் உலக உணவுத் திட்டம் ஒரு சங்கிலிப் பேரேட்டைத் தொடங்கியது. சிரியாவிலிருந்து வந்த அகதி கடையில் மாவும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு ஒரு கருவியைப் பார்க்கிறாள். கருவிழியை அது அடையாளம் காண்கிறது. அவள் கணக்கில் பற்று விழுகிறது. வங்கிக்குப் போகிற கட்டணம் பெருமளவு மிச்சம். அந்தப் பணத்துக்கும் உணவு வாங்கலாம். நல்ல காரியம். ஆனால் தொடக்கத்தில் அந்தப் பேரேட்டை எழுதியதும் வைத்திருந்ததும் உணவுத் திட்டம் ஒன்றே. சங்கிலி இல்லாமல் சாதாரணக் கம்ப்யூட்டரில் செய்தாலும் கட்டணம் மிச்சமாகியிருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு உறுத்துவது வேறு. குச்சியில் தன் பாதி குடியானவனிடம் இருந்தது. இந்தப் பெண்ணிடம் அட்டை கிடையாது, எண் கிடையாது, பன்னிரண்டு வார்த்தை கிடையாது. பாதியாக இருப்பது அவள் கண். கணக்கு தப்பாக இருக்கிறது என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றினால் எதை எதோடு சேர்த்துப் பார்ப்பாள்?

நண்பர் இதையெல்லாம் படித்துவிட்டு லெபனானைப் பற்றி மட்டும்தான் பேசுவார், எனக்குத் தெரியும். பேசட்டும். அந்த இடத்தில் அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.